இஸ்திரி போட்ட சட்டையோடு மனு கொடுக்கலாமா?

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சட்டையோட உள்ள போவாதீங்க. பழசா, கசங்கினதா ஒண்ணு போட்டுகினு அடுத்த திங்கக்கெழம வாங்க, வேல ஆவும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அந்த மரத்தடியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவர், எந்த மனு நகரும், எது நகராது என்று அவருக்குத் தெரியும். எனக்கு வர வேண்டிய பராமரிப்பு உதவித்தொகை சில மாதமாக நின்றுபோயிருந்தது. வீடு மாறினதில் முகவரி ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி ஆகிவிட்டது, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்கிற சான்றும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தாகிவிட்டது, திரும்பிப் போய் கசங்கின சட்டை தேடுகிற நிலையில் நான் இல்லை. அப்படியே போனேன். மனுவை வாங்கினவர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலரைப் பார்த்தார். "பாத்தா நல்லாத்தான இருக்கீங்க?" என்றார். சக்கர நாற்காலியில் அவர் எதிரில்தான் இருக்கிறேன், அடையாள அட்டையில் சதவீதம் போட்டிருக்கிறது, இருந்தாலும் அந்தச் சட்டை மடிப்பு அவரை உறுத்தியது. அப்புறம் இழுத்தடித்து ஒருவழியாகப் பணம் வந்துவிட்டது, அது இருக்கட்டும். பெரியவர் சொன்னதுதான் மனதை விட்டுப் போகவில்லை. வெறும் கோபம் என்றால் ரெண்டு நாளில் ஆறியிருக்கும். அவர் சொன்னது நடைமுறையில் சரி, அதுதான் தொந்தரவு.

கஷ்டம் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். பையன் பிறந்தநாளுக்கு வீட்டில் பிரியாணி செய்தால் லைன் வீட்டில் யாராவது ஒருத்தர் "இன்னா விசேஷம், வாசன தூக்குது" என்பார். சாதாரணக் கேள்விதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பிரியாணி செய்தால் அவரிடம் அதே கேள்வி வேறு குரலில் போகும். இதை எழுதுகிற இந்த போன் தங்கச்சி கொடுத்தது. இதன் விலையை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒருமுறை மளிகை சாமான் கொடுக்க ஒரு குழுவாக வந்தார்கள், நல்ல பையன்கள். பையில் அவர்கள் பெயர் அச்சடித்த பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். படம் எடுத்த பையன், "அண்ணா, சிரிக்காதீங்கண்ணா" என்றான். நான் சிரித்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, கேமராவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தானே வரும். பருப்பு நல்ல பருப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

விழுந்த கதை

இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நான் பெயிண்டர். வெளிச்சுவர் வேலை, சவுக்குக் கம்பு கட்டின சாரம், கட்டு அவிழ்ந்தது, விழுந்தேன். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மேஸ்திரி முதல் பில் கட்டினார், ரெண்டாவது பில்லுக்குப் பாதி கட்டினார், அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. வேலை செய்யும்போது அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்பதும், கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994-லேயே தமிழ்நாட்டில் நல வாரியம் வந்துவிட்டது என்பதும் எனக்குக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபோதுதான் தெரிந்தது. வாரியத்தில் பதிவு செய்திருக்கவில்லை, மேஸ்திரியிடம் வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. என் மனைவி ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். இன்று வரை குடும்பம் நிற்பது அந்தச் சம்பளத்தில்தான்.

ரெண்டாயிரம் ரூபாய்

தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. வாங்குகிறவன் குறை சொல்லக் கூடாது என்று ஒரு கட்சி உண்டு, நான் அந்தக் கட்சியில் இல்லை. சிறுநீர் தானாகப் போகாது, நாளைக்கு நாலைந்து தடவை குழாய் விட்டு எடுக்க வேண்டும். அந்தக் குழாயை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட எனக்கெல்லாம் கட்டுப்படியாகாது, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி மறுபடி அதையேதான் எடுக்கிறேன். வெளியே போனால் டயபர். புண் வந்தால் துணி, மருந்து, டிரெஸ்ஸிங். எங்கே போவதென்றாலும் ஆட்டோ, ஏனென்றால் டவுன் பஸ்ஸில் எனக்கும் கூட வருகிற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்லை என்பது உண்மை, அந்தப் படியில் நாற்காலி ஏறாது என்பதும் உண்மை. சென்னையில் 2024-லிருந்து தாழ்தளப் பேருந்து ஓடுகிறது, எங்கள் ரூட்டில் ஓடுவது பழைய வண்டிதான். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்கிற காசுதான் வாங்குகிறார், அரசாங்கம் தருகிற 100 யூனிட் இலவசம் எங்கள் லைனில் யாருக்கும் வந்து சேர்ந்ததில்லை.

பணக் கஷ்டத்தைக்கூடச் சொல்லிவிடலாம், தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்வதுதான் கூச்சம். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். மண்டபத்து பாத்ரூம் கதவு ரெண்டடி இருக்கும், என் நாற்காலி அதைவிட அகலம். வெயிலில் போய், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்து, எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வந்தால் ரெண்டு நாளில் குளிர் ஜுரம், சிறுநீரில் கிருமி. டாக்டர் திட்டுவார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேனே என்பார். சரிதான் டாக்டர், ஆனால் குடித்துவிட்டு எங்கே போவது? நான் எப்போதும் சுத்தமாக, மடிப்புக் கலையாமல் இருப்பதற்குப் பின்னால் பெருமை ஒன்றும் இல்லை, பயம்தான். நாற்றம் வந்துவிடுமோ என்கிற பயம். கீழே உணர்ச்சி இல்லாதவனுக்கு நனைந்தது தெரியாது, எதிரில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால்தான் தெரியும். அந்தச் சுளிப்பைப் பார்க்காமல் இருக்க நான் எடுத்துக்கொள்கிற பாடு அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சட்டை மட்டும்தான் தெரிந்தது.

திட்டு

விழுந்த பிறகு என்னை யாருமே திட்டவில்லை. இதைச் சந்தோஷமான விஷயம் என்று நினைப்பீர்கள். பெயிண்டராக இருந்தபோது மேஸ்திரி திட்டுவார், வீட்டுக்காரம்மா திட்டுவார்கள், சுவரில் பட்டி சரியாகத் தேய்க்கவில்லை என்று கூட வேலை செய்கிறவன்கூடத் திட்டுவான். விழுந்ததும் எல்லாம் நின்றுபோனது. அம்மா என்னிடம் பேசும்போது குரல் பாதியாகிவிடும். நண்பர்கள் சீட்டாட உட்கார்ந்தால் எனக்கு விட்டுக்கொடுப்பார்கள். பையன் மார்க் குறைந்ததை மனைவி என்னிடம் மறைத்தாள், "உங்களுக்கு எதுக்கு அந்த டென்ஷன்" என்றாள். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால்கூட எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் என்னையும் மாட்டிவிட்டார்கள் என்று தோன்றும்.

வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கண்ணாடி வைத்து முதுகிலும் பின்பக்கத்திலும் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இவ்வளவையும் செய்துகொண்டு சும்மா இருந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று யோசித்தால் முதலில் எல்லோரும் சொல்வது பெட்டிக்கடை. முன்னாடி எங்களை மாதிரி ஆட்களுக்கு எஸ்டிடி பூத் கொடுப்பார்கள், ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்து அந்தப் பிழைப்பு போயே போய்விட்டது. பெட்டிக்கடைக்கு முதல் இல்லை. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிபார்ம் மலையாகக் குவிந்து அவர் திணறுவதைப் பார்த்து, எனக்குக் கொஞ்சம் கொடுங்கண்ணா, போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். பாவம் என்று கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "உருப்படிக்குப் பாதி காசு. தீச்சுட்டா முழுத் துணிக்கும் நீதான் பொறுப்பு. சம்மதமா?" என்றார்.

அவருடைய கரிப்பெட்டி எனக்குச் சரிப்படாது. கனம் மட்டும் இல்லை, தொடையில் நெருப்பு விழுந்தால் எனக்குத் தெரியாது, தண்டுவடம் போனவர்களில் சூடான டீ டம்ளரை மடியில் வைத்துத் தோல் வெந்துபோனவர்கள் உண்டு. கரண்டுப் பெட்டி ஒன்று வாங்கினோம். பழைய கட்டில் பலகையைச் செங்கல் மேல் ஏற்றி, நாற்காலி அடியில் நுழைகிற உயரத்துக்கு மேஜை கட்டி, மேலே கம்பளியும் பழைய புடவையும் விரித்து, மடியில் ஒரு மணைப் பலகை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் கட்டு முடித்து பையனிடம் கொடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அண்ணன் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி கம்பெனி விட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தாள், அம்மா வாசலில் இருந்தாள், எல்லோர் முன்னாலும் ஒரு சட்டையை உதறிக் காட்டினார். "இன்னாயா இது? காலர மொதல்ல போடணும்னு கூடத் தெரியாதா? பாவாட மடிப்பு பாரு, இட்லித் துணி மாரி கீது. இத எட்த்துகினு போய் அந்த டீச்சரம்மாகிட்ட நான் குடுத்தா என் பொழப்பு இன்னாவறது? ஒழுங்கா போடறதுன்னா போடு, இல்ல விட்டுடு." அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது, "ஏம்பா, ஒடம்பு முடியாதவன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அவர் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. "ஒடம்புக்கும் காலருக்கும் இன்னாம்மா சம்பந்தம், கை நல்லாத்தான கீது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது, அவமானமாகத்தான் இருந்தது. அவர் அங்கேயே நின்று காலரை நுனியிலிருந்து நடுவுக்கு எப்படிக் கொண்டுவர வேண்டும், தோள்பட்டையை மேஜை மூலையில் எப்படி மாட்ட வேண்டும், பாவாடை மடிப்பை ஒவ்வொன்றாக விரலால் நீவிவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று போட்டுக் காட்டினார். ராத்திரி முழுக் கட்டையும் திரும்பப் போட்டேன், ரெண்டு சட்டைக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் விழுந்ததிலிருந்து வந்ததில்லை. காரணம் களைப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது, என் வேலையால் ஒருத்தருக்கு நஷ்டம் வரலாம், அதனால் அவருக்குக் கோபம் வருகிறது, அந்த அளவுக்கு நான் அவருடைய கணக்கில் இருக்கிறேன். ரொம்ப நாளாக நான் யாருடைய கணக்கிலும் இல்லை, எல்லோருடைய இரக்கத்திலும் இருந்தேன்.

பாகாயம் மையத்தைத் தொடங்கினவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் அவருக்கும் என்னைப் போலவே கால் போனது. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1966-ல் அந்த மையம் வந்தது. இதை எங்களுக்குத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், அவருக்குப் படிப்பும் வசதியும் இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது என்று. இப்போது அதில் வேறொரு இடம் கண்ணில் படுகிறது. உட்கார்ந்துகொண்டே கத்தி பிடிக்கலாமே என்று அவரைத் தூண்டினவர் அவருடன் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். படுத்திருந்தவரிடம் போய் ஒருத்தர் வேலை கேட்டிருக்கிறார்.

சொந்தக்காரர் மரியாதை

இஸ்திரி போடுகிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து சித்தப்பா வந்தார். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு மேஜையைப் பார்த்தார். "நம்ம ஆளுங்கள்ல எவன்டா இந்த வேல பாத்தான்? நாலு பேரு இன்னா நெனைப்பான்? காசு வேணும்னா வாயத் தொறந்து கேளு, நாங்க இல்ல?" என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் எனக்குக் கொடுத்தது ஒரு சீப்பு வாழைப்பழம். நான் சொந்தக்காரர்களிடம் கை நீட்டினால் குடும்ப மானம் போகாதாம், அடுத்தவர் சட்டையை இஸ்திரி போட்டால் போய்விடுமாம். இதை அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தன் உங்க ஊர்த் தெருவுல செருப்புப் போட்டுகினு துணி எடுக்க வந்திருக்க முடியுமா தம்பி? வாசல்ல நின்னு கூப்பிடணும், பழைய சோத்த ஏனத்துல வாங்கிகினு போவணும். உங்க சித்தப்பாவுக்கு இந்த வேல கேவலமில்ல, எங்கள மாதிரி ஆயிடறதுதான் கேவலம்" என்றார். நான் என் மரியாதை போனதைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறேனே, பிறந்ததிலிருந்தே அது மறுக்கப்பட்டவரிடமிருந்துதான் எனக்கு அது திரும்பக் கிடைத்தது. இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கை அசையாதவருக்கு?

இதுவரை படித்தவர்கள், ஆக உழைத்தால் மரியாதை என்று முடிவுகட்டியிருக்கலாம். அதுவும் எனக்கு ஒப்புதலில்லை. மையத்தில் பழக்கமான நண்பர் ஒருவர், ஆட்டோ ஓட்டினவர், கழுத்தில் அடி. கை விரலும் அசையாது. அவர் இஸ்திரி போட முடியுமா? அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா மார்க்கெட் போய்விட்டு வந்ததும் பையை நேராக அவர் கட்டிலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். "இன்னாம்மா, இவ்ளோ முத்தின முருங்கக்காய வாங்கினு வந்துகீற? போய் மாத்து" என்பார். அம்மா முனகிக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வருவார். வீட்டுச் செலவு மொத்தமும் அவர் வாய்க்கணக்கு, சீட்டுப் பணம் எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். அந்த வீட்டில் அவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ராத்திரியில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். கூலிக்கு ஒரு ஆள் வைத்தால் அந்த அம்மா ராத்திரி தூங்கலாம். 2,000 ரூபாயில் ஆள் எங்கே கிடைக்கும்?

இங்கேதான் எனக்கு அரசாங்கத்தின் மேல் கோபம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூன்றாவது பிரிவிலேயே கண்ணியத்தோடு வாழும் உரிமை என்று எழுதியிருக்கிறார்கள். இதேபோன்ற திட்டத்தில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட எங்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று இருபத்துநாலாவது பிரிவு சொல்கிறது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் தில்லியின் பங்கு மாதம் 300 ரூபாய், அதுவும் 80 சதவீதம் பாதிப்பு இருந்தால். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் ஆந்திர எல்லை வந்துவிடும். அங்கே 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாய் ஆக்கினார்கள், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. எல்லைக்கு அந்தப் பக்கமும் முதுகெலும்பு ஒரே எலும்புதான். நாங்கள் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். நிதி பற்றி எனக்குத் தெரியாது, பதினைந்தாயிரம் இருந்தால் என் நண்பரின் அம்மா தூங்குவார் என்று தெரியும், அவரும் அம்மாவிடம் முருங்கைக்காய்க்குச் சண்டை போடுவதோடு நிறுத்திக்கொள்வார், ராத்திரி எழுப்ப வேண்டியிருக்கிறதே என்று அழமாட்டார்.

எனக்கு அந்த மனு எழுதுகிற பெரியவர் மேல் வருத்தம் இல்லை. உதவி வாங்குகிறவன் பார்ப்பதற்கே பரிதாபமாக இருக்க வேண்டும் என்கிற ஏற்பாட்டை அவர் செய்யவில்லை, அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்கிறார், அவ்வளவுதான். அடுத்த தடவை போனால் அவரையே "சட்டை நல்லா இருக்குல்ல, நான் போட்டதுதான், உங்க வேட்டியைக் குடுங்க" என்று கேட்கலாமா என்று நினைப்பதுண்டு. வேலை வேண்டுமே.

இப்போது எனக்குத் தீருகிற மாதிரி தெரியாத ஒரே பிரச்சினை, அண்ணன் உருப்படிக்கு ரேட் ஏற்றிவிட்டார், எனக்கு மட்டும் பழைய பாதியையே கொடுக்கிறார். கரண்ட் என் காசு, மேஜை என் மேஜை, புதுப் பாதி கொடுங்கள் என்கிறேன். காஞ்சிப் பட்டுப் புடவையை இன்னும் உன்னிடம் நம்பிக் கொடுக்க முடியவில்லை, அது வரட்டும் பார்க்கலாம் என்கிறார். ஒரு வாரமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறோம், மனைவிகூட அவர் பக்கம்தான் பேசுகிறாள். நான் விடுவதாக இல்லை.